கருமண் ஏரியிலிருந்து வந்த செங்குடங்கள்

வானம் காலம் தவறாமல் பெய்க. கரை உடையாமல் நிற்க. மடை திறப்பவன் கை நோயின்றி வாழ்க.

பின்னே மலையும் முன்னே மணலும் காவல் நிற்க, நடுவே நாற்பது ஏரிகளையும் நாற்பது பிள்ளைகளாக எண்ணி வளர்க்கும் நெடுங்கரை நாட்டுக்கு உடையவர், பகைவரின் வெண்குடைகளைப் பறித்துத் தம் குடிகளுக்கு நிழலாக்கியவர், கொடிமதில் நகரத்து அரியணையில் வீற்றிருந்தருளும் கோ நன்மாவேள் தேவருக்கு யாண்டு பதினொன்று, ஆடித் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள்.

அத்தேவரின் நாற்பது ஏரிகளுக்கும் நீர்நாயகமாக அமர்ந்த ஓடைகிழான் கண்டன் சாத்தன், தென்கூற்றத்துக் கருங்கழனி ஊர்ச்சபைப் பெருமக்களுக்கும், அவர்களுள் ஆம்பலேரியைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட ஏரி வாரியத்தார் ஐவருக்கும், அவ்வைவருக்குத் தலைவரான மாதவன் பரமனுக்கும் விடுக்கும் ஓலை.

ஏரி நிறைக. குடி ஓங்குக.

ஊருக்கு எழுதும் ஓலையில் இவ்விரண்டு வாழ்த்துக்கும் இடையே நீர் இனிக்க என்ற வாழ்த்தும் நிற்பது நம் நாட்டு மரபு என்பதை நீங்கள் அறிவீர்கள். என் எழுத்தன் பழக்கத்தால் அதனையும் எழுதிவிட்டான். நான் எழுத்தாணியை அவன் கையிலிருந்து வாங்கி அதைக் கீறினேன். ஏட்டில் அந்தக் கீறலைக் காண்பீர்கள். பூச்சி அரித்தது என்று எண்ணவேண்டாம்.

நிற்க. சென்ற ஆனித் திங்களில் உங்கள் சபையிலிருந்து ஓர் ஓலை எனக்கு வந்தது. கருங்கழனிக் குயவர் தெருவில் குடியிருந்த குயத்தி பூதி என்பவள், ஊர்ச்சபை கூடியிருந்தபோது அழைப்பின்றி எழுந்து நின்று ஆம்பலேரியின் நீர் கெட்டுவிட்டது என்று பழிகூறினாள் என்றும், வாரியத்தார்மீது பொய்ச்சொல் சுமத்தினாள் என்றும், அரசர்க்கு அனுப்பும் முத்திரைக் குடத்தை வனைந்து தர மறுத்தாள் என்றும், ஆதலால் அவள் சூளையை இடித்து, அவளுக்கு ஊர் நீரும் ஊர் நெருப்பும் விலக்கி, எல்லைக்கு வெளியே அனுப்பினீர்கள் என்றும், அந்த விலக்கை என் முத்திரையால் உறுதிசெய்து தரவேண்டும் என்றும் அவ்வோலையில் கண்டிருந்தது. எழுத்து அழகாயிருந்தது. பிழை ஒன்றுகூட இல்லை.

அந்த ஓலைக்கு என் மறுமொழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் முத்திரை அதில் விழாது. ஏன் விழாது என்பதைத்தான் இனி எழுதுகிறேன். சபை முழுவதும் கூடி, குயவர் தெருவாரும் உழவர் தெருவாரும் கேட்கும்படி, ஒரு சொல்லும் விடாமல் இதனை வாசிக்கக் கடவீர்கள்.

குடத்தின் சட்டத்தை நீங்கள் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. மறந்தவர்களுக்காக எழுதுகிறேன். இப்போது ஆளும் தேவரின் பாட்டனார் காலத்தில், ஏரிக்கு ஒரு குடமாக, தை முழுமதிக்கு ஒன்றும் சித்திரை முழுமதிக்கு ஒன்றும் தலைநகர்க்கு வரவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அந்நாளில் வாரியத்தார் ஐவரும் ஊரார் பார்த்திருக்க மதகின் தூம்படியில் இறங்கி, ஆளுக்கு ஒரு கை நீர் அள்ளிப் பருகவேண்டும். பருகிய பின் குடத்தை நிரப்பி, வாயை மண்ணால் அடைத்து முத்திரையிட்டு, நீர் நன்று என்ற ஓலையோடு அனுப்பவேண்டும். இங்கே நான் முத்திரையை உடைத்து, நானும் ஒரு கை பருகி, அந்த ஓலையில் என் குறியை இடவேண்டும். பருகாத கை குறியிடலாகாது. இவ்வளவும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதே சட்டத்தில் மற்றொரு சொல் உண்டு. எந்த ஏரியின் நீரோ அந்த ஏரியின் மண்ணிலேயே, அந்த ஊர்க் குயவர் வனைந்த குடமாக அது இருக்கவேண்டும் என்பதே அது. அன்று அவையிலிருந்த சிலர் அதைக் கேட்டுச் சிரித்தார்களாம். மண் எதுவானால் என்ன, நீரல்லவா முக்கியம் என்றார்களாம். அதற்குப் பாட்டனார், நீரை எங்கிருந்தும் மொண்டு வரலாம், ஓர் ஊரின் மண்ணை அப்படி எளிதாக மாற்றிக்கொள்ள முடியாது என்று மறுமொழி கூறினார் என்பது எங்கள் ஏடுகளில் உள்ளது. எழுபது ஆண்டுக்குப் பின் வரப்போகும் உங்களை அவர் அன்றே அறிந்திருந்தார் போலும்.

இனிப் பூதி வந்த கதையைக் கேளுங்கள். உங்கள் ஓலை குதிரையில் வந்தது. அவள் நடந்து வந்தாள். ஆயினும் உங்கள் ஓலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே கொடிமதிலின் தெற்கு வாயிலில் வந்து நின்றாள். ஒன்பது நாள் நடை. இடுப்பில் ஆறாண்டு நிரம்பாத மகள் நன்னி. தலையில் ஒரு பழைய கருங்குடம். தோளில் ஈரத்துணி சுற்றிய ஒரு மண்கட்டி. வாயிற்காவலர் அவளைத் தடுத்ததற்குக் காரணம் அவள் வறுமையன்று, குடத்திலிருந்து எழுந்த நாற்றம். அதைக் கீழே கொட்டிவிட்டு உள்ளே போ என்றார்களாம். இதைக் கொட்டத்தான் இடம் தேடி வந்திருக்கிறேன், நீர்நாயகத்தின் முன்னால் கொட்டுகிறேன் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

என் முன்னே அழைத்து வரப்பட்டபோது அவள் கூறியதை அவள் கூறியவாறே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான்கு ஆண்டுக்கு முன், ஆம்பலேரிக்கு நீர் வரும் வரத்துக்காலின் கரையில் சாயக்கணத்தார் நீலச்சாயத்துக்கு அவுரித் தொட்டிகள் கட்டினார்கள் என்றாள். முதல் ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு ஆம்பல் பூக்கவில்லை. பின்பு கெண்டை செத்து மிதந்தது. ஊரார் அதை வெயிலின் கொடுமை என்றார்கள். ஆனால் அவளுக்கு மண் சொல்லிற்று. ஏரி மண்ணைப் பிசைந்தால் கையில் எரிச்சல் கண்டது. வனைந்து காயவைத்தால் குடத்தின்மேல் வெள்ளை பூத்தது. சூளையிலிட்டால் வெடித்தது. எங்கள் தெருவில் எட்டுச் சக்கரம் சுற்றியது, இப்போது ஒன்றும் சுற்றவில்லை என்றாள்.

இதை அவள் முதலில் வாரியத்தாரிடம்தான் வந்து சொன்னாள். நீங்கள் என்ன மறுமொழி கூறினீர்கள்? மண்ணில் குறையில்லை, உன் கையில் குறை, சூளைக்குச் சூடு வைக்கத் தெரியாதவள் ஏரியைப் பழிக்கிறாள் என்றீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் முகத்துக்கு நேரே பழமொழியும் சொன்னீர்களாம். தை முழுமதி வந்தது. முத்திரைக் குடம் வேண்டும் என்று ஆள் அனுப்பினீர்கள். மூன்று முறை வனைந்தாள், மூன்று முறையும் சூளைக்குள்ளேயே உடைந்தது. அவள் மறுத்தாள் என்று உங்கள் ஓலை சொல்கிறதே, அந்த மறுப்பு இதுதான். அதன்பின் நீங்கள் அவளிடம் குடம் கேட்கவில்லை. ஆனாலும் குடம் தலைநகர்க்குப் போய்க்கொண்டே இருந்தது. வைக்கோல் மூடிய வண்டியில் ஒரு செங்குடம் ஊரை விட்டுப் போவதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். கருமண் ஏரியிலிருந்து செங்குடம் எப்படிப் போகிறது என்று சபையில் எழுந்து கேட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவே.

நான் அவளை உடனே நம்பினேனா? நம்பவில்லை. இதை மறைத்து எழுதினால் நானும் உங்களில் ஒருவன் ஆவேன். சபையோர் பெரியோர், அவர்கள் ஓலையில் நான்கு ஆண்டாக நானே குறியிட்டு வந்தேன், இவளோ தெருவில் குடம் விற்பவள் என்றே என் நெஞ்சம் கணக்கிட்டது. அவள் சொல்வது பொய் என்று மெய்ப்பித்து அனுப்பிவிடலாம் என்று எண்ணியே குடங்கள் வைக்கப்படும் மண்டபத்துக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

கருங்கழனிக்குரிய படியில் எட்டுக் குடங்கள் இருந்தன. முதல் இரண்டும் கருப்பு. மற்ற ஆறும் சிவப்பு. கண் தெரிந்தவன் வாயிலில் நின்றே சொல்லிவிடுவான். நான் இரண்டடி தள்ளி நின்றும் சொல்லவில்லை, ஏனெனில் அன்றுவரை அந்தப் படியை நான் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. நீரைக் கிண்ணத்தில் மொண்டு என் இருக்கைக்குக் கொண்டுவருவார்கள், பருகுவேன், குறியிடுவேன். பூதி ஒரு செங்குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். மூன்று கோடும் ஒரு புள்ளியும் அங்கே இருந்தன. மேலைச்சுனையூர்க் குயவரின் குறி அது. நீரை மாற்றினீர்கள், குடத்தை மாற்றினீர்கள், வண்டிக்கு வைக்கோலும் மூடினீர்கள். அந்த அடியைத் தேய்க்க உங்களுக்குத் தோன்றவில்லை. அரண்மனையில் எவனும் குடத்தைக் கவிழ்த்துப் பார்க்கமாட்டான் என்ற துணிவு உங்களுக்கு. அந்தத் துணிவு சரியாகவே இருந்தது.

மண்டபக் காவலன் தேவன் குடிதாங்கியை அழைத்து, ஆறு செங்குடங்களை எப்படி ஏற்றாய் என்று கேட்டேன். முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே தன் வேலையென்றும், முத்திரை ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்ததென்றும், குடத்தைப் பார்க்கும்படி எவரும் தனக்குச் சொல்லவில்லை என்றும் பணிவோடு விடைசொன்னான். அவனை நான் வேலையிலிருந்து நீக்கினேன். நீக்கிய பின், அவன் செய்ததையே அல்லவா நானும் செய்தேன் என்ற எண்ணம் வந்தது. ஆனாலும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. ஈராண்டுக்கு முன், நீங்கள் அனுப்பிய செங்குடங்களுள் இரண்டாவதைப் பருகிய நான், தென்கூற்றத்து ஏரிகளுள் ஆம்பலேரியின் நீரே இனியது, வாரியத்தார் ஐவரும் நாட்டுக்கு முன்மாதிரி என்று ஒரு பாராட்டோலை எழுதி, பட்டு சுற்றி உங்களுக்கு அனுப்பினேன். மேலைச்சுனையூரின் சுனை நீரைக் குடித்துவிட்டு ஆம்பலேரியைப் புகழ்ந்தேன். அதைச் சபை மண்டபத்துத் தூணில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். பூதி எழுந்து கேட்டபோது மாதவன் பரமன் அந்த ஓலையைக் கழற்றி உரக்க வாசித்து, நீர்நாயகமே இனிது என்று சொன்ன நீரைக் குயத்தி கெட்டது என்கிறாள் என்றாராம். சபை சிரித்ததாம். அவள் வாயை அடைத்தது உங்கள் சொல்லன்று, என் சொல். ஊரைவிட்டு அவளைத் துரத்திய கோலை உங்கள் கையில் கொடுத்தவன் நான்.

ஆகவே இனி நான் கோபமாக எழுதுவதில் ஒரு பங்கு எனக்கும் உரியது. மிச்சமெல்லாம் உங்களுக்கு.

அவள் கொண்டுவந்த கருங்குடத்தைத் தேவரின் திருமுன் வைத்துத் திறந்தோம். நீர் நீலம் பாய்ந்திருந்தது. அரண்மனைக் குளத்துக் கெண்டை நான்கை அதில் விட்டோம். அவை மல்லாந்ததை மன்னர் கண்டார், அரசவையும் கண்டது. சட்டப்படி குறியிடும் முன் நான் பருகவேண்டும். மருத்துவர் தடுத்தார். இதுவரை ஆறு குடத்தில் இனிப்பை மட்டும் பருகியவன், ஏழாவது குடத்தில் கசப்பு வந்ததும் கிண்ணத்தை ஒதுக்கினால் அது சட்டமாகாது என்று கூறி ஒரு கை பருகினேன். நான்கு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. இவ்வோலை பிந்தி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நான் பருகியது ஒரு கை. உங்கள் குயவர் தெருவில் அதில்தான் சோறு பொங்குகிறார்கள்.

நன்னி என்ற அந்தக் குழந்தை ஆதுலர் சாலையில் கிடக்கிறாள். வயிறு வீங்கி, நகக்கண் நீலம் பாய்ந்து, வந்த அன்று தலையைத் தூக்க மாட்டாமல் இருந்தாள். வேறு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை, நாற்பது நாள் நல்ல நீர் கொடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் கூறினார். நேற்று கஞ்சி கேட்டாள் என்று சொல்லியனுப்பினார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்தேன், மகிழ்ந்த உடனே மனம் கருங்கழனிக்குப் போயிற்று. நல்ல நீர்தான் மருந்து என்றால், அந்தத் தெருவில் மிச்சமிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் எதைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பூதியின் சொல்லை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தேன் என்று நீங்கள் வழக்குரைக்கக்கூடும். அதற்கும் வழி வைக்கவில்லை. உப்பு விற்பவர் வேடத்தில் இருவரை உங்கள் ஊருக்கு அனுப்பினேன். சாயத்தொட்டியிலிருந்து வரத்துக்காலுக்கு ஒரு வாய்க்கால் ஓடுவதையும், அதன்மேல் கற்பலகை பாவி மண்போட்டுத் தாழை நட்டிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். தாழை நன்றாகப் பிடிக்கவில்லை என்றும், அடியில் ஓடும் நீரே அதற்குக் காரணமாயிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மறைக்க நட்ட செடியே காட்டிக்கொடுத்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நீங்கள் ஒரு வாய்க்காலையே மறைத்தீர்கள்.

வேறொன்றும் கண்டார்கள். இரண்டு நாளுக்கு ஒரு வண்டி மேலைச்சுனையூரிலிருந்து கருங்கழனிக்கு வருகிறது. அதில் நீர் வருகிறது. வண்டி ஐந்து வீட்டு வாசலில் நிற்கிறது. அந்த ஐந்து வீடுகள் எவை என்று நான் எழுதத் தேவையில்லை, இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஊரார் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏரி கெட்டது உங்களுக்குத் தெரியாது என்றிருந்தால், அறியாமை என்று எண்ணி இந்த ஓலையைப் பாதியாகச் சுருக்கியிருப்பேன். தெரிந்தது. தெரிந்து, உங்கள் பானைகளுக்கு ஒரு நீர், அரசரின் கிண்ணத்துக்கு அதே நீர், ஊரின் வாய்க்கு வேறு நீர் என்று பிரித்தீர்கள். வேலி பயிரை மேய்வது பழைய கதை. இந்த வேலி தான் மட்டும் வேறு வயலில் மேய்ந்துகொண்டு பயிரை எரியவிட்டது.

இதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்தது என்ன? சாயக்கணத்துத் தலைவர் ஏகவீரன் உங்களுக்குப் பதினாறு தூண் நிறுத்திச் சபை மண்டபம் ஒன்று கட்டிக்கொடுத்தார். அதற்கு முன் மருத மரத்தடியில் கூடினீர்கள். வெயில் பட்டது, மழை நனைத்தது, ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரிந்தது. புது மண்டபத்தின் சுவர் ஏரிப்பக்கம் எழுப்பப்பட்டிருக்கிறதாம். அதை யார் சொல்லிக் கட்டினார்கள் என்று என் ஆட்களால் அறிய முடியவில்லை.

சாயத்தொழிலால் முந்நூறு பேர் உண்கிறார்கள், தொட்டியை மூடினால் அவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று எழுதவிருக்கிறீர்கள். எழுதவேண்டாம். தொட்டியை மூடும்படி நான் சொல்லவில்லை. நெடுங்கரையின் நீலத்துணியை நானும் உடுத்தியிருக்கிறேன். வரத்துக்காலை விட்டு விலகி, உவர்நிலத்தில் கல் பாவிய குழி வெட்டி, சாயநீரை அங்கே தேக்கி வற்றவிடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மற்ற மூன்று கூற்றத்துச் சாயக்காரரும் அப்படியே செய்து பிழைக்கிறார்கள். குழி வெட்டச் சோம்பினவனுக்கு ஏரியைக் குழியாகக் கொடுத்தவர்கள் நீங்கள். சாயக்காரன் செய்தது அவன் குற்றம். காக்கவென்றே அமர்த்தப்பட்டவர் கண்டும் நீர் நன்று என்று கைந்நாட்டு இட்டது அதைக் காட்டிலும் பெரிய குற்றம். தேவரும் இதையே திருவாய்மலர்ந்தார்.

ஆதலால் தேவரின் ஆணை பெற்று நான் இடும் கட்டளை இது.

குயத்தி பூதிமீது இட்ட ஊர்விலக்கு இந்த ஓலை வாசிக்கப்படும் நொடியில் இல்லாததாகிறது. அவள் சூளையை இடித்தவர்கள் எவரோ அவர்களே, கூலியாள் வைக்காமல், தங்கள் கையால் அதைத் திரும்பக் கட்டக் கடவர். எப்படிக் கட்டவேண்டும் என்பதை அவள் சொல்வாள். சூடு வைப்பதில் உங்களுக்கு நிறையத் தெரியும் என்று முன்பு அவளுக்கு விளக்கியிருக்கிறீர்கள், இருந்தாலும் அவள் சொல்வதையே கேளுங்கள்.

தாழை நட்ட வாய்க்காலை இந்த ஓலை வாசித்த மறுநாள் பொழுது சாயுமுன் அடைக்கவேண்டும். ஏகவீரனும் அவர் கணத்தாரும் உவர்நிலத்தில் குழி வெட்டி முடிக்கும்வரை ஒரு துணியும் நனையலாகாது. குழியில் பாவுவதற்குக் கல் வேண்டுமே என்று தேடி அலையவேண்டாம். பதினாறு தூணும் கூரையும் உள்ள மண்டபம் ஊர் நடுவே நிற்கிறது. அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சபை மீண்டும் மருத மரத்தடியில் கூடட்டும்.

ஏரியில் இப்போது நீர் குறைவு. ஐப்பசி மழைக்குள் வரத்துக்காலிலும் ஏரிவாயிலும் படிந்த நீலச்சேற்றை அள்ளிக் கரைக்கு அப்பால் உவர்நிலத்தில் கொட்டவேண்டும். முதற்கூடை வாரியத்தார் ஐவரின் தலையில் ஏறவேண்டும். ஐவரும் இன்றோடு வாரியத்திலிருந்து நீங்கினார்கள். இனி அவர்கள் பெயர் எழுதிய ஓலை குடவோலைப் பானைக்குள் விழலாகாது.

ஏரி தெளியும்வரை ஊர் என்ன குடிக்கும் என்ற கேள்வி எழும். அதற்கு விடை உங்களிடமே இருக்கிறது. மேலைச்சுனையூரிலிருந்து நீர் கொண்டுவரும் வழி, வண்டி, குடம், வைக்கோல் எல்லாம் உங்களுக்குப் பழக்கம். அரசரின் கிண்ணம்வரை அந்த நீரைக் கொண்டுசேர்த்தவர்களுக்குக் குயவர் தெரு தூரமாகாது. வண்டி இனி நாள்தோறும் வரும், முதலில் குயவர் தெருவிலும் அடுத்து உழவர் தெருவிலும் நிற்கும், உங்கள் ஐந்து வாசலில் கடைசியாக நிற்கும். மிச்சமிருந்தால் மொண்டுகொள்ளுங்கள்.

என் பாராட்டோலையைத் தூணிலிருந்து கழற்றி, பட்டோடு, மாதவன் பரமன் தம் கையாலேயே கொண்டுவந்து என்னிடம் தரவேண்டும். குதிரையில் வரலாகாது. பூதி நடந்த வழி ஒன்பது நாள் வழி, நல்ல வழிதான்.

எனக்குரியதையும் ஊரறிய எழுதுகிறேன். நான் என் முத்திரையைத் தேவரின் திருவடியில் வைத்து, விளக்குப் பிடிக்கும் வேலை குருடனுக்குத் தகாது என்று விண்ணப்பித்தேன். தேவர் அதை ஏற்கவில்லை. வரும் தை முழுமதிக்குள் ஆம்பலேரியின் மண்ணில் பூதி வனைந்த குடம் ஒன்று உடையாமல் கொடிமதில் வந்து சேர்ந்தால் முத்திரை என்னிடம் இருக்கலாம், சேராவிட்டால் தை முழுமதிக்கு மறுநாள் நானே வந்து வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று பணித்தார். ஆகவே என் பதவி இப்போது உங்கள் சேற்றுக்கூடையில் இருக்கிறது. ஐப்பசி முதல் மழைக்கு முன் நானே கருங்கழனிக்கு வருவேன். கூடை தூக்க எனக்கும் தோள் உண்டு.

இந்த ஓலையோடு பூதி கொண்டுவந்த கருங்குடமும் வருகிறது. கெண்டைக்கும் எனக்கும் போக, ஐந்து கைக்கு வேண்டிய நீர் அதில் மிச்சம் இருக்கிறது. நீர் நன்று என்று எழுதிய ஐவரில் எவரேனும் அந்தச் சொல்லில் இன்னும் நிற்பவராயின், ஊரார் முன் ஒரு கை அள்ளிப் பருகட்டும். அவர் வழக்கை மட்டும் நான் திரும்பக் கேட்பேன். பருகாதவர், பருகவில்லை என்று இந்த ஏட்டின் அடியில் கைந்நாட்டு இட்டு அனுப்பட்டும்.

எழுதி முடிக்கும்போது, வேறு என்ன வேண்டும் என்று பூதியைக் கேட்டேன். உங்களுக்குத் தண்டனை கேட்பாள் என்று நினைத்தேன், நிலம் கேட்பாள் என்று நினைத்தேன். என் கையில் குறையில்லை என்று ஒரு வரி எழுதுங்கள் ஐயா, அதைச் சபையில் வாசிக்கச் சொல்லுங்கள் என்றாள். எழுதுகிறேன். கருங்கழனிக் குயத்தி பூதியின் கையில் குறையில்லை. ஆதுலர் சாலையில் அவள் கொடிமதில் மண்ணில் வனைந்த குடத்தில்தான் இப்போது நன்னி நீர் குடிக்கிறாள். ஒரு விரிசல்கூட இல்லை. வாசிப்பவர் இந்த வரியை இருமுறை வாசிக்கக் கடவர்.

இந்த ஆணை ஏரிக்கரையும் வரத்துக்காலும் உள்ளவரை நிற்பதாக. இதை மறைப்பவன் வீட்டுக் கிணறு ஊறாதொழிக. இதைக் காப்பவன் கால்வழி எட்டுத் தலைமுறைக்கும் தெளிந்த நீர் காண்க.

இப்படிக்கு என் குறியிட்டு, முத்திரையும் இட்டேன். முத்திரை பதித்தது அரண்மனை அரக்கில் அன்று. பூதி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டுவந்த ஆம்பலேரி மண்ணைக் கேட்டு வாங்கினேன். அவளே பிசைந்து கொடுத்தாள், அவள் முன்னே பதித்தேன். இந்த ஓலை உங்கள் கைக்கு வரும்போது அந்த முத்திரை வெள்ளை பூத்துப் பிளந்திருக்கும். வழியில் எவரோ பிரித்துவிட்டார்கள் என்று தூதனை ஐயுறவேண்டாம். அது உங்கள் ஏரியின் மண்.